பெயர் பொருந்தியதும் நின்றுவிடாதீர்கள்: இங்கிலாந்தின் பழைய பதிவேடுகளில் மூதாதையரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் வேர் தேடுபவர்களுக்கு இரண்டு பெரிய ஆதாரங்கள் உண்டு. 1538-இல் தாமஸ் கிராம்வெல்லின் ஆணைப்படி பங்கு (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) ஆலயங்கள் எழுதத் தொடங்கிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் ஒன்று. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மற்றொன்று. அது 1801-இலேயே தொடங்கிவிட்டது என்றாலும், நாடு முழுவதும் ஆள் பெயர்களைப் பதிந்து பாதுகாத்தது 1841 முதல்தான். இத்தனை ஏடுகள் இருந்தும் ஒரு மூதாதையர் அகப்படவில்லை என்றால், அவர் இருக்க வேண்டிய இடத்தில் நாம் வேறொருவரை உட்காரவைத்துவிட்டோமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதுவே அதிகக் கேடு செய்கிறது.

தாமஸ் கிளார்க் என்று ஒருவரைத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். 1851 கணக்கெடுப்பில் அவருக்கு வயது 42. பிறந்தது சஃபோக்கில் ஒரு சிற்றூர். அந்தக் கணக்கெடுப்பு மார்ச் 30 இரவுக்கு உரியது. ஆகவே அவர் 1808 மார்ச் கடைசிக்கும் 1809 மார்ச் கடைசிக்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். அந்த ஊர்ப் பதிவேட்டில் 1809 ஏப்ரலில் ஜானுக்கும் மேரிக்கும் பிறந்த தாமஸின் ஞானஸ்நானம் கிடைக்கிறது. பலர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, ஜானையும் மேரியையும் குடும்ப மரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அடக்கப் பதிவேட்டைப் புரட்டியிருந்தால், 1810-இல் 'ஜானின் மகன் தாமஸ்' புதைக்கப்பட்டது தெரிந்திருக்கும். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அங்கே சாதாரணம். எனவே 1811-இல் இன்னொரு தாமஸுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கலாம். அல்லது உங்கள் தாமஸ் பக்கத்துப் பங்கில், ஜானின் தம்பி வீட்டில் அதே பெயரோடு பிறந்தவராகவும் இருக்கலாம். ஞானஸ்நானம் கிடைத்ததும் அந்தக் குழந்தை உயிர்பிழைத்ததா, வேறெங்காவது மணமுடித்ததா, அதே வயதில் அதே பெயரில் இன்னொருவர் அருகில் வாழ்ந்தாரா என்று பாருங்கள். நம் ஊகத்தை நாமே உடைக்க முயல வேண்டும். உடையாமல் நின்றால் மட்டுமே மரத்தில் ஏற்றலாம்.

1841 கணக்கெடுப்பை 1851-ஐப் போலவே படிப்பது அடுத்த தவறு. 1841-இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 40 என்று இருந்தால் அவருக்கு 40 முதல் 44 வரை எதுவும் இருக்கலாம். எல்லாக் கணக்கெடுப்பாளர்களும் விதியைப் பின்பற்றவும் இல்லை. உறவுமுறை எழுதப்படவில்லை என்பது இன்னும் முக்கியம். ஒரு வீட்டில் ஓர் ஆண், ஒரு பெண், மூன்று குழந்தைகள் என்றால் அவர்கள் அண்ணன் தங்கையாகவும் அண்ணன் பிள்ளைகளாகவும் இருக்கக்கூடும். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தார் என்ற விவரங்கள் 1851-இல்தான் வந்தன.

அவற்றையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். தொலைவில் குடியேறியவர் பிறந்த ஊராக அந்த ஊருக்கு அருகிலிருந்த பெரிய நகரத்தைச் சொல்வார். சொந்த மாவட்டத்துக்குள் இருந்தால் குக்கிராமத்தின் பெயரைச் சொல்வார். ஒரே ஒரு கணக்கெடுப்பை வைத்து முடிவு கட்டாமல், அவர் உயிரோடிருந்த எல்லாக் கணக்கெடுப்புகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்.

பெயர்ப்பட்டியலில் இல்லை என்றால் ஆளே இல்லை என்று நினைப்பதும் தவறு. 1841 முதல் 1901 வரை நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் கணக்கெடுப்பாளர்கள் வீட்டுப் படிவங்களைப் பார்த்து எழுதிய படிகள். அவற்றிலிருந்து இன்னொருவர் எழுதியதுதான் இணையத்தில் நாம் தேடும் பட்டியல். இரட்டை 'எஸ்' வரும் இடத்தில் முதல் எழுத்தை நீட்டி எழுதுவார்கள். அதை 'எஃப்' என்றோ 'பி' (p) என்றோ படித்துவிடுவது எளிது. எண்ணிக்கை சரிபார்த்த எழுத்தர்கள் வயதின்மேல் கோடு இழுத்திருப்பதால், ஒரு 3 பார்வைக்கு 8 ஆகிவிடும். குடும்பப் பெயரை விட்டுவிட்டு, முதற்பெயர், தோராயமான வயது, பிறந்த ஊர் ஆகியவற்றை மட்டும் கொடுத்துத் தேடிப் பாருங்கள். பாலி என்று இருப்பவர் மேரியாகவும், நான்சி என்று இருப்பவர் ஆனாகவும் இருக்கலாம். விதவைத் தாய் மறுமணம் செய்திருந்தால் பிள்ளைகள் மாற்றாந்தந்தையின் பெயரில் இருப்பார்கள். கிடைத்த பிறகு மூல ஏட்டின் படத்தைக் கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள்.

1752-க்கு முந்தைய தேதிகளில் ஒரு பொறி இருக்கிறது. அதுவரை இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. 1720 ஜூனில் திருமணம், 1720 பிப்ரவரியில் முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று பதிவேடு சொன்னால் அதில் தவறே இல்லை. அந்தப் பிப்ரவரி திருமணத்துக்கு எட்டு மாதம் பிந்தியது. நம் கணக்கில் 1721. குறிப்பெடுக்கும்போது 1720/21 என்று எழுதிவையுங்கள். ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாகவும் எழுத வேண்டாம். மூன்று நான்கு பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம் கொடுத்த குடும்பங்கள் உண்டு. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி இருந்தது. ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. வரிக்கு அஞ்சி ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டவர்களும் உண்டு.

திருமணம் இருக்கிறது, பிள்ளைகளின் ஞானஸ்நானம் ஒன்றுகூட இல்லை என்றால், அவர்கள் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையைச் சேராதவர்களா என்று பாருங்கள். 1754 முதல் 1837 வரை குவேக்கர்களும் யூதர்களும் தவிர மற்றவர்கள் ஆங்கிலிக்கன் ஆலயத்தில்தான் சட்டப்படி மணமுடிக்க முடியும். பாப்டிஸ்ட் குடும்பமும் ஓலை வாசித்து (மணமக்களின் பெயரை ஆலயத்தில் முன்கூட்டியே அறிவித்து) அங்கேயே மணந்திருக்கும். பிள்ளைகளின் பெயர்களோ தங்கள் சபையின் ஏட்டில் இருக்கும். அத்தகைய சபைகளின் பதிவேடுகள் பல 1837-க்குப் பின் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, இன்று லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பங்குப் பதிவேடே கிழிந்தோ தொலைந்தோ போயிருந்தால், 1598 முதல் ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்பிவைத்த படிகளைக் கேளுங்கள்.

ஏழைகளைத் தேடுபவர்கள் பங்கு ஆவணங்கள் என்றால் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள்தான் என்று எண்ணி நின்றுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. 1662 சட்டத்தின்படி ஒருவருக்கு எந்தப் பங்கு உதவ வேண்டும் என்பதைத் தீர்மானிக்க, நீதிபதிகள் அவரை அழைத்து விசாரித்தார்கள். எங்கே பிறந்தார், யாரிடம் தொழில் பழகினார், எங்கே ஓராண்டு கூலிக்கு இருந்தார், யாரை மணந்தார் என்று அவர் சொன்னவை எழுத்தில் இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலியாளின் வாழ்க்கை இவ்வளவு விரிவாக வேறெங்கும் கிடைப்பது அரிது. தப்பிப் பிழைத்த விசாரணைத் தாள்கள் பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் உள்ளன.

1931 கணக்கெடுப்பில் நேரத்தைச் செலவிட வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸ் ஏடுகள் 1942-இல் தீயில் எரிந்துபோயின. போர்க்காலமான 1941-இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளிக்கு 1939 செப்டம்பரில் எடுத்த தேசியப் பதிவேடு உண்டு. எந்தப் பங்கில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, பட்டியலையா மூலப் படத்தையா பார்த்தீர்கள் என்பதை, ஒன்றும் கிடைக்காத நாளிலும் குறித்துவையுங்கள்.