முகத்துவாரக் கதவின் திறப்பு (சாவி) யாரிடம்? அறிவியல் புனைகதையில் அரசியல் சூழ்ச்சி எழுதப் பழகுதல்

என் முதல் அறிவியல் புனைகதையில் பதினான்கு கோள்களும் ஒரு பேரரசனும் இருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் பேரரசன் சாகிறான், மக்கள் ஆரவாரிக்கிறார்கள், கதை முடிகிறது. வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டை விதானையாக இருந்த என் அம்மப்பா அதை வாசித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அவன் செத்துப்போனான், சரி மகள். நாளைக்குத் துருசை யார் திறப்பது?”

துருசு என்பது குளத்து மதகு. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதத் தொடங்கிய நாளில்தான் எனக்குக் கதை எழுத வந்தது. கொப்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பங்கிட வேண்டிய ஒரு பொருளைப் பிடியுங்கள்

அரியணையில் தொடங்காதீர்கள். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. மாரி வெள்ளம் ஏறும்போது முகத்துவாரத்தில் மணல் திட்டை வெட்டிக் கடலுக்கு வழிவிடுவார்கள். என்றைக்கு வெட்டுவது? பள்ளக்காணி வயல்காரருக்கு ஒரு நாள் பிந்தினாலும் பயிர் அழுகும். வாவியில் வலை வீசுபவருக்கு மீன், இறால் என்று வேறு கணக்கு இருக்கிறது. இருவர் பக்கமும் நியாயம் உண்டு. சூழ்ச்சிக்கு இதைவிட நல்ல விதைநெல் கிடைக்காது.

இப்போது அறிவியலைச் சேருங்கள். ஆண்டு 2190. கடல் மட்டம் உயர்ந்துவிட்டது. மணல் திட்டு இருந்த இடத்தில் பெரும் இயந்திரக் கதவு நிற்கிறது. நாற்பது ஆண்டுகள் ஒருவன் அந்தக் கதவை வைத்தே ஆண்டான். எதிர்த்துப் பேசிய ஊரின் வயல் அந்த மாரியில் மூழ்கும், அவ்வளவுதான். துப்பாக்கி தேவைப்படவில்லை.

படி 2: கொடுங்கோலனை முதல் வரிக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்

அவன் திரும்பி வரவும் கூடாது, நினைவலையில் உரையாற்றவும் கூடாது. வந்தால் எல்லாப் பழியும் அவன் தலையில் ஏறிவிடும். மற்றவர்கள் தப்பிவிடுவார்கள்.

படி 3: அவன் விட்டுப்போனவற்றைக் கணக்கெடுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். வரலாறு கைநிறையக் கொடுக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசியின் தலைமையகத்துக்குள் 1990 ஜனவரியில் மக்கள் புகுந்தபோது, கிழித்த கோப்புகள் மூட்டை மூட்டையாகக் கிடைத்தன. எல்லா அலுவலகங்களையும் சேர்த்து அப்படி ஏறத்தாழ 16,000 மூட்டைகள். 1992 ஜனவரி முதல் குடிமக்கள் தங்கள் கோப்புகளைத் தாங்களே வாசிக்கலாம் என்றானது. தகவல் கொடுத்தவர்கள் அங்கே புனைபெயரில் இருந்தார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் தன் கணவரே என்று அறிந்த பெண்ணும் உண்டு.

பழைய ஏதென்ஸ் வேறு வழியில் போனது. எட்டு மாதம் கொடுமை செய்த முப்பதின்மர் ஆட்சி வீழ்ந்தபின், கி.மு. 403 இல் குடிமக்கள் பழைய தீங்குகளை இனி எடுத்துப் பேசுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். அந்த முப்பதின்மருக்கும் இன்னும் சிலருக்கும் மட்டும் மன்னிப்பு இல்லை.

கோப்பைத் திறப்பதா, மூடுவதா? உங்கள் சபை இதில் இரண்டாக உடையட்டும். என் அனுபவத்தில், மூடச் சொல்பவர் எல்லாரும் குற்றவாளி என்று எழுதினால் கதை உடனே செத்துவிடுகிறது. தன் தாயின் பெயர் உள்ளே இருக்குமோ என்று அஞ்சுபவரும் மூடத்தான் சொல்வார்.

படி 4: மூன்று பேர் போதும்

கதவை இயக்கத் தெரிந்த ஒரே பொறியாளர், முன்பு அவனிடம் வேலை செய்த அம்மா. வயல் மூழ்கி அப்பாவை இழந்த இளம் சபை உறுப்பினன். கோப்பறைக் காவலர். பொறியாளரைச் சிறையில் போட்டால் வெள்ளம் ஊருக்குள் வரும், விட்டுவைத்தால் பழைய ஆட்சி அவருடைய கையில் மிஞ்சியிருக்கும். முடிச்சு இங்கேதான் விழுகிறது.

படி 5: ‘யாருக்கு என்ன தெரியும்’ அட்டவணை

கொப்பியில் ஆளுக்கு ஒரு நிரல், காட்சிக்கு ஒரு வரி. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆள் அந்நேரம் அறிந்ததையும் தவறாக நம்புவதையும் எழுதுங்கள். ஒரு காட்சி முடிந்தும் எந்தக் கட்டமும் மாறவில்லையா? அந்தக் காட்சியை வெட்டுங்கள், வசனம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. கடைசி வரியை முதலில் நிரப்பி, மேலே பின்னோக்கி வருவது எனக்கு எளிது. அட்டவணை போடாமல் எழுதிய என் இரண்டாவது கதையில், நான்காம் பக்கத்தில் ஒன்றும் அறியாதவன் ஒன்பதாம் பக்கத்தில் எல்லாம் அறிந்தவனாகப் பேசினான். இடையில் அவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

படி 6: சபையை ஊரிலிருந்து எடுங்கள்

‘விண்மீன் கூட்டமைப்பு மாமன்றம்’ வேண்டாம். குடிக்குக் குடி (குலத்துக்குக் குலம்) வண்ணக்கர் எனும் கோயில் நிர்வாகிகள் அமர்ந்து கோயிலை நடத்தும் முறை இங்கே மட்டக்களப்பில் இருக்கிறது. கோயில் மரியாதையாகக் கொடுக்கும் காளாஞ்சி யாருக்கு முதலில் என்பதில் எழும் மனக்கசப்பைப் பார்த்தவருக்கு அரண்மனைச் சதியைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் ஒன்றுக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்து பாருங்கள். பேசாமல் இருப்பவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கருவிகளும் அப்படியே. பழைய ஆட்சி வாவிக்கடியில் ஒட்டுக்கேட்கும் கருவிகளைப் பதித்திருந்தது என்று வையுங்கள். 1924 இல் திறந்த கல்லடிப் பழைய பாலத்தின் எச்சத்தருகே, முழுநிலவு இரவில், சதிகாரர் தோணியில் கூடுகிறார்கள். முழுநிலவு இரவுகளில் இந்த வாவிக்குள் கேட்பதாகச் சொல்லப்படும் பாடும் மீனின் ஒலி நீருக்கடியில் அவர்களது பேச்சை மூடிவிடும் என்பது அவர்களது நம்பிக்கை. மீன் பாடாத இரவு ஒன்று வரட்டும்.

படி 7: முதல் பக்கம்

என்னுடையது இப்படித் தொடங்குகிறது:

மாலை நான்கு மணிக்கு வெள்ளம் மூன்றாம் அளவுக்கோட்டைத் தொட்டது. சபையார் கதவுக் கூடத்துக்கு வந்தபோது பொறியாளர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“திறப்பை நீங்கள் வைத்திருப்பது சட்டப்படி பிழை அம்மா,” என்றான் இளையவன்.

“இந்தாருங்கள் தம்பி.” அவர் அதை மேசையில் வைத்தார். “எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.”

யாரும் திறப்பை எடுக்கவில்லை.

அடுத்த காட்சி உங்களுடையது. கோப்பறைக் காவலர் இன்னும் வந்து சேரவில்லை, வெள்ளம் நான்காம் அளவுக்கோட்டைத் தொட ஒரு மணி நேரம் இருக்கிறது.