மைன்கிராஃப்ட் ஸ்கின்: 64×64 கட்டத்தில் சொந்தக் கேரக்டர் வரைவது எப்படி

மைன்கிராஃப்ட் கேமில் நம் கேரக்டரின் முகம், முடி, சட்டை, செருப்பு எல்லாமே ஒரே ஒரு சின்னப் படத்தில் அடங்கிவிடும். அந்தப் படத்துக்குத்தான் ஸ்கின் என்று பெயர். 64 பிக்சல் அகலம், 64 பிக்சல் உயரம், பிஎன்ஜி கோப்பு. மொத்தம் 4096 பிக்சல். அதிலும் கேமில் தெரிவது 3264 மட்டும்தான், மீதி வெறும் காலி இடம். ஓவியம் வராதவர்களும் தாராளமாக இறங்கலாம். புதியவர்களின் ஸ்கின் கெட்டுப்போவது பெரும்பாலும் வரையத் தெரியாததால் இல்லை, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைத் தொடும் ஓரங்களைக் கவனிக்காததால்தான்.

உதாரணத்துக்கு வெள்ளை அரைக்கைச் சட்டை, மடித்துக் கட்டிய கட்டம் போட்ட லுங்கி, மீசை என்று ஒரு ஆளை வரைவோம். ரோபோ, மந்திரவாதி, டைனோசர் எதுவானாலும் முறை ஒன்றுதான். லுங்கியை எடுத்ததற்குக் காரணம் உண்டு: ஓரத்தில் வரும் சிக்கல்கள் அத்தனையும் அதில் வந்துவிடும்.

முதலில் கை அகலத்தை முடிவு செய்யுங்கள்

இரண்டு மாடல் உண்டு. வைட் மாடலில் கை 4 பிக்சல் அகலம் (ஸ்டீவ்), ஸ்லிம் மாடலில் 3 பிக்சல் (அலெக்ஸ்). தலை, உடம்பு, கால் இரண்டிலும் ஒன்றே. இதை வரைந்து முடித்தபின் மாற்றினால் கை முழுவதையும் திரும்ப வரைய வேண்டியிருக்கும். ஸ்லிமுக்கு வரைந்ததை வைட் என்று ஏற்றினால் கையின் பின்பக்கம் 2 பிக்சல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை விழும். ஸ்லிம் கையைச் சுற்றி வருவது 14 பிக்சல், வைட் கைக்கு 16 தேவை. மீதி இரண்டு காலியாக இருப்பதுதான் அந்தக் கறுப்பு. நம் ஆளுக்கு வைட்.

வரைய எது வேண்டும்

பிளாக்பெஞ்ச் போதும். இலவசம், பிரவுசரிலேயே திறக்கும். புதிய கோப்பு தொடங்கும்போது மைன்கிராஃப்ட் ஸ்கின் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பக்கம் தட்டையான படமும் மறுபக்கம் முப்பரிமாண உருவமும் வரும். எதில் வரைந்தாலும் மற்றதில் தெரியும். கிம்ப் போன்ற பொது மென்பொருளில் வரைபவர்கள் பெயின்ட்பிரஷை விட்டுவிட்டு பென்சிலை எடுங்கள். பிரஷ் ஓரத்தை மென்மையாக்குகிறேன் என்று அரைகுறை ஒளிபுகும் பிக்சல்களைச் சேர்த்துவிடும். திரையில் அழகாகத்தான் இருக்கும், கேமுக்குள் போனதும் ஓரமெல்லாம் அழுக்காகத் தெரியும். பிளாக்பெஞ்சிலும் பிரஷ் அளவு 1, மென்மை 0, ஒளிபுகாமை முழுசாக.

படத்தில் எது எங்கே

ஒவ்வொரு உறுப்பும் ஒரு பெட்டி. அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இந்தப் படம். கிடையாக ஒரு பட்டையில் வலது, முன், இடது, பின் என நான்கு பக்கங்கள், அதற்கு மேலே மேல்மூடியும் அடிமூடியும். வலது, இடது என்பது கேரக்டருடைய வலது, இடது. எண்ணிக்கை இடது மேல் மூலையில் 0 என்று தொடங்கும். கிடையாக எண்ணுவதைப் பத்தி என்றும், மேலிருந்து கீழாக எண்ணுவதை வரிசை என்றும் சொல்கிறேன்.

தலை: பத்தி 0 முதல் 31, வரிசை 8 முதல் 15. முகம் பத்தி 8–15. உச்சந்தலை அதற்கு நேர் மேலே, வரிசை 0–7.
உடம்பு: பத்தி 16–39, வரிசை 20–31. மார்பு 20–27, முதுகு 32–39.
வலது கை: பத்தி 40–55, வரிசை 20–31. தோள் 44–47, வரிசை 16–19. உள்ளங்கை 48–51, அதே வரிசை.
வலது கால்: பத்தி 0–15, வரிசை 20–31. முன்பக்கம் 4–7.
இடது கால்: பத்தி 16–31, வரிசை 52–63. இடது கை: பத்தி 32–47, அதே வரிசை.

இடது கையும் காலும் கீழே தனியாக ஒதுங்கிக் கிடப்பதற்குக் காரணம், அவை 2014இல் 1.8 பதிப்பில்தான் வந்து சேர்ந்தன. அதற்கு முன் படம் 64×32 தான், வலதையே திருப்பிப் போட்டு இடதாகக் காட்டினார்கள். பழைய ஸ்கின் கோப்பை எடுத்துத் திருத்தப் பார்த்து, கீழ்ப்பாதியே இல்லையே என்று குழம்புபவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

இத்தனைக்கும் மேலே இன்னொரு உறை உண்டு. இதை மேல் லேயர் என்றும், உள்ளே இருக்கும் உறுப்பை அடி லேயர் என்றும் சொல்வோம். தலைக்கு அரை பிக்சல், மற்ற உறுப்புகளுக்குக் கால் பிக்சல் வெளியே தள்ளி நிற்கும். முடிக்கற்றை, சட்டைக் கை, லுங்கி மடிப்பு எல்லாம் இதில்தான். தலையின் மேல் லேயர் பத்தி 32–63. உடம்பு, வலது கை, வலது கால் மூன்றுக்கும் அடி லேயருக்கு நேர் கீழே, 16 வரிசை தள்ளி. இடது காலுக்கு மட்டும் அடி லேயருக்கு இடப்பக்கம் (பத்தி 0–15), இடது கைக்கு வலப்பக்கம் (48–63).

அடி லேயரில் ஒரு பிக்சல்கூட காலியாக விடக் கூடாது. கணினியில் ஓடும் ஜாவா பதிப்பு அங்கே ஒளிபுக அனுமதிக்காது, காலி இடத்தைக் கறுப்பாக்கிவிடும். மேல் லேயரில் தேவையில்லாத இடமெல்லாம் காலியாகத்தான் இருக்க வேண்டும்.

நிறம்

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று நிறம் போதும்: நடு, நிழல், வெளிச்சம். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் நம் ஆளின் தோலுக்கு 156, 106, 67. நிழலுக்கு 133, 84, 56. வெளிச்சத்துக்கு 176, 124, 82. நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் தோல் சாம்பல் தட்டி நோயாளி போல் ஆகிவிடும். கொஞ்சம் சிவப்புப் பக்கம் தள்ளுங்கள், வெளிச்சத்தை மஞ்சள் பக்கம். சட்டை வெள்ளை என்பதற்காக 255, 255, 255 வைக்காதீர்கள். அதற்கு மேல் வெளிச்சம் காட்ட இடமே இல்லை, மடிப்பும் தெரியாது. 232, 228, 214 வையுங்கள், நிழலுக்கு 205, 198, 186. முடி 38, 28, 26.

முதல் சுற்றில் விவரம் எதுவும் வேண்டாம். தலை, கை, கால் முழுக்கத் தோல் நிறம், உடம்பு முழுக்கச் சட்டை நிறம் என்று நிரப்பிவிடுங்கள். உள்ளங்கை, பாதம், தாடைக்கு அடி இவற்றை மறப்பவர்கள்தான் அதிகம். நீந்தும்போது பாதம் பளிச்சென்று தெரியும்.

முகம்: 64 பிக்சல்

8×8 என்பது இரட்டை எண், அதனால் நடுப் பத்தி கிடையாது. மூக்கை ஒரு பிக்சலில் வைத்தால் கோணலாகும், இரண்டாக வையுங்கள். வரிசை 8, 9 முழுக்க முடி. வரிசை 10இல் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பிக்சல் முடி. கண் வரிசை 12இல்: பத்தி 9 வெள்ளை, 10 கருவிழி, 13 கருவிழி, 14 வெள்ளை. கருவிழி உள்பக்கம் இருந்தால்தான் நேராகப் பார்க்கும். மூக்கு வரிசை 13, பத்தி 11, 12, தோலின் நிழல் நிறத்தில்.

மீசை வரிசை 14, பத்தி 10 முதல் 13 வரை. முடியின் அதே கறுப்பை வைத்தால் பத்தடி தள்ளிப் பார்க்கும்போது மீசையாகத் தெரியாது, வாயைப் பிளந்து நிற்பது போல் இருக்கும். ஒரு படி வெளுத்த பழுப்பு, 70, 48, 38 வைத்தால் சரியாக இருக்கும். வாய் தனியாக வேண்டாம், மீசையே வேலையை முடித்துவிடும்.

முடியை அடி லேயரில் பின்னாலும் பக்கங்களிலும் உச்சியிலும் இறக்கிவிட்டு, மேல் லேயரில் உச்சி முழுவதையும், பட்டையின் மேல் இரண்டு வரிசையையும், பின்பக்கத்தில் இன்னும் மூன்று வரிசையையும் நிரப்புங்கள். பட்டையை நிரப்பி உச்சியை விட்டுவிட்டால் மேலிருந்து பார்ப்பவருக்குத் தலையைச் சுற்றிக் கிண்ணம் வைத்தது போல் இடைவெளி தெரியும்.

சட்டை

கையின் பட்டையில் மேல் நான்கு வரிசையை (20–23) சட்டை நிறமாக்குங்கள், தோளையும் சேர்த்து. அதையே மேல் லேயரிலும் போட்டால் கை தளர்வாக, துணி போல நிற்கும். பட்டன் பட்டிக்குப் பத்தி 23இல் நிழல் கோடு, 24இல் மூன்று வரிசைக்கு ஒன்றாகப் பட்டன். முதுகில் ஒன்றும் வேண்டாம், அக்குள் பக்கம் மட்டும் நிழல். கேமே தன் பங்குக்கு வெளிச்சம் போடும் என்பதால் நாம் போடும் நிழல் குறைவாக இருப்பதே நல்லது. பிக்சலுக்குப் பிக்சல் நிறத்தைச் சிதறவிட்டு ‘துணி மாதிரி’ காட்டும் கருவிகள் உண்டு. தூரத்தில் அது துவைக்காத சட்டையாகத்தான் தெரியும்.

லுங்கி: ஓரம் சேர வேண்டிய இடம்

கால்கள் இரண்டும் தனித்தனிப் பெட்டி. கணுக்கால் வரை இறங்கும் வேட்டியோ பாவாடையோ வரைந்தால், நடக்கும்போது நடுவில் பிளந்து வெள்ளைப் பேன்ட் ஆகிவிடும். மைன்கிராஃப்ட் ஸ்கின்னில் இதற்கு வழியே இல்லை. மடித்துக் கட்டிய லுங்கி முழங்காலோடு நிற்பதால் அந்தப் பிளவு கண்ணை உறுத்தாது.

வலது காலின் மேல் லேயரில் பத்தி 0–15, வரிசை 36 முதல் 42 வரை ஏழு வரிசையை நீலத்தால் (38, 62, 112) நிரப்புங்கள். அடி லேயரின் மேல் ஏழு வரிசையிலும் அதே நீலம். இனி கட்டம். வெளிர் கோடு (190, 200, 215) பத்தி 1, 5, 9, 13இல் செங்குத்தாக, வரிசை 38, 42இல் கிடையாக.

நான்கு பத்திக்கு ஒரு கோடு என்பது ஏன்? காலைச் சுற்றி வருவது 16 பிக்சல். 4ஆல் மீதியின்றி வகுபடும், அதனால் சுற்றி வந்து சேரும் இடத்தில் கட்டம் பிசகாது. மூன்றுக்கு ஒன்று போட்டால் பின்பக்க ஓரத்தில் இரண்டு கோடுகள் ஒட்டிக்கொள்ளும். உடம்பின் சுற்று 24, அங்கே 3, 4, 6, 8 எல்லாம் சேரும். ஸ்லிம் கையின் 14இல் 4 சேராது. கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை வேண்டுமென்றால் வைட் மாடலே உத்தமம்.

இப்போது இடது கால். இங்கே எல்லோரும் மிரர் பெயின்டிங்கை (ஒரு பக்கம் வரைவதை மறுபக்கத்திலும் திருப்பிப் போடும் வசதி) அழுத்துவார்கள். கட்டத்துக்கு அது ஆகாது. வலது காலின் முன்பக்கத்தில் கோடு வெளியிலிருந்து இரண்டாவது பத்தியில் இருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டால் இடது காலிலும் வெளியிலிருந்து இரண்டாவதாக விழும், நடுவில் இடைவெளி நான்குக்குப் பதில் ஐந்தாகிவிடும். மிரரை அணைத்துவிட்டு, வலது காலின் மேல் லேயரை அப்படியே நகலெடுத்து 16 வரிசை கீழே, வரிசை 52–58இல் ஒட்டுங்கள். கோடு தானாகச் சேர்ந்துகொள்ளும். செருப்பு, நிழல், சட்டைக் கை போன்றவற்றுக்கு மிரர் சரி. இடது காலின் அடி லேயரிலும் நீலத்தை மறக்க வேண்டாம்.

இன்னொன்று, மேல் லேயர்கள் வெளியே உப்பியிருப்பதால் இரண்டு கால்களும் சந்திக்கும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். தொடும் பத்திகள் வேறு வேறு நிறமானால் அங்கே மினுக்கல் வரும். நம் கட்டத்தில் இரண்டுமே நீலம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

கேமில் ஏற்றுவது

ஜாவா பதிப்பில் லாஞ்சரின் ஸ்கின்ஸ் பகுதியில் நியூ ஸ்கின், பெயர், வைட் மாடல், கோப்பு, பிறகு சேமித்துப் பயன்படுத்து. மொபைலில் ஓடும் பெட்ராக் பதிப்பில் கேரக்டர் திருத்தும் இடத்துக்குப் போய் கிளாசிக் ஸ்கின்ஸ் என்பதில் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் கை அகலத்தைக் கேட்கும். கேம் கன்சோல்களில் சொந்தக் கோப்பை ஏற்ற முடியாது.

கணினியில் வரைந்து போனுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள். அது ஜேபெக் ஆக்கிவிடும், ஒளிபுகும் இடமெல்லாம் நிரம்பிவிடும், நிறமும் கலங்கும். டாக்குமென்ட் என்று அனுப்புங்கள்.

உள்ளே போனதும் ஜாவாவில் எஃப்5 அழுத்தி முன்னும் பின்னும் பாருங்கள். நின்று பார்த்தால் போதாது. நடக்க, குனிய, நீந்த, கையை வீச வேண்டும். காலின் உள்பக்கமும் அக்குளும் அப்போதுதான் வெளியே வரும்.

முடியும் லுங்கி மடிப்பும் காணோமா? ஆப்ஷன்ஸில் ஸ்கின் கஸ்டமைசேஷன் பகுதியில் தொப்பி, கால், கை லேயர்கள் அணைந்திருக்கும். உங்களுக்குத் தெரிந்து நண்பருக்குத் தெரியவில்லை என்றால், சர்வரை விட்டு வெளியேறித் திரும்ப நுழையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அந்த சர்வர் கணக்கைச் சரிபார்க்காத ஆஃப்லைன் முறையில் ஓடுகிறதா என்று கேளுங்கள். ஜாவாவில் ஸ்கின் உங்கள் கணக்கு வழியாகத்தான் மற்றவர்களுக்குப் போகிறது, ஆஃப்லைன் சர்வர் அதைத் தேடிப் பார்க்காது. பெட்ராக்கில் நண்பரின் அமைப்பில் நம்பகமான ஸ்கின்களை மட்டும் அனுமதி என்பது இயக்கத்தில் இருந்தால் உங்கள் லுங்கிக்காரர் அவர் திரையில் சாதாரண ஸ்டீவாகத்தான் நிற்பார். அவர் அதை அணைத்தால்தான் உண்டு.