பாட்டு ஃபைல் போன்ல இருக்கு, பிளேயர் மட்டும் எடுக்க மாட்டேங்குதா?

பாட்டை எல்லாம் போன்ல காப்பி பண்ணியாச்சு, ஃபைல் மேனேஜர்ல பார்த்தா இருக்கு, மியூசிக் பிளேயரை திறந்தா பாதி பாட்டக் காணோம். உடனே நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா ஒரு கன்வெர்ட்டரை பிடிச்சு மொத்தத்தையும் எம்பி3 ஆக்கிடறாங்க. தயவுசெஞ்சு அதை முதல்ல பண்ணாதீங்க. ஒரு தடவ குவாலிட்டி போச்சுன்னா போனதுதான், ஒரிஜினலையும் அழிச்சிட்டா திரும்ப வரவே வராது. பல நேரம் கன்வெர்ட் பண்ற தேவையே இருக்காது.

முதல்ல ஒண்ணு பாருங்க. பாட்டு லிஸ்ட்லயே வரலையா, இல்ல லிஸ்ட்ல வந்தும் தட்டினா ஓட மாட்டேங்குதா? ரெண்டும் வேற வேற பிரச்சனை.

லிஸ்ட்லயே வரலைன்னா பெரும்பாலும் ஃபார்மேட் மேல தப்பு இல்ல. ஆண்ட்ராய்டுல நிறைய பிளேயருங்க மெமரிய தானா தேடாது, மீடியாஸ்டோர்னு சிஸ்டத்துக்குள்ள ஒரு பட்டியல் இருக்கு, அதுல என்ன இருக்கோ அதைத்தான் காட்டும். புதுசா காப்பி பண்ண ஃபைல் அந்த பட்டியல்ல இன்னும் ஏறாம இருக்கலாம், போனை ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. அடுத்து பர்மிஷன். ஆண்ட்ராய்டு 13ல இருந்து போட்டோ வீடியோவுக்கு தனி, ஆடியோவுக்கு தனின்னு பிரிச்சிட்டாங்க, ஆடியோ பர்மிஷன் ஆஃப்ல இருந்தா பிளேயர் காலியாத்தான் நிக்கும். அப்புறம் அந்த ஃபோல்டர்ல 'நோமீடியா' (.nomedia)ன்னு, முன்னாடி புள்ளி வச்ச ஒரு குட்டி ஃபைல் இருக்கான்னு பாருங்க, ஃபைல் மேனேஜர் செட்டிங்ஸ்ல ஹிட்டன் ஃபைல்ஸ் ஆன் பண்ணாத்தான் கண்ணுக்கு தெரியும். அது இருந்தா அந்த ஃபோல்டர்ல இருக்கிற பாட்டையெல்லாம் சிஸ்டம் சேர்க்காது. வேற ஆப் ஏதாவது அதை அங்க வச்சிருந்தா அழிக்க வேணாம், பாட்டை மட்டும் மியூசிக் ஃபோல்டருக்கு காப்பி பண்ணிக்கோங்க. சில பிளேயர்ல 30 செகண்ட், 60 செகண்டுக்கு குறைஞ்ச ஃபைலை மறைச்சு வைக்கிற செட்டிங்கும் இருக்கும், ரிங்டோன், சின்ன ரெக்கார்டிங் எல்லாம் காணாம போறது அதனாலதான்.

இப்ப ரெண்டாவது கேஸ், லிஸ்ட்ல வருது ஆனா ஓடல. இங்கதான் ஃபார்மேட் விஷயம். பேர் கடைசியில இருக்கிற எக்ஸ்டென்ஷன் வெறும் டப்பா மேல ஒட்டின லேபிள் மாதிரி, உள்ள இருக்கிற கோடெக், அதாவது பாட்டை சுருக்கி வச்சிருக்கிற முறை, வேறயா இருக்கலாம். எம்4ஏன்னு ரெண்டு ஃபைல் இருக்கும், ஒண்ணுல ஏஏசி இருக்கும், அது எந்த போன்லயும் பாடும், இன்னொண்ணுல ஆப்பிளோட ஏஎல்ஏசி இருக்கும், அது நிறைய ஆண்ட்ராய்டு பிளேயர்ல ஊமையா நிக்கும். பேரை வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது, மீடியாஇன்ஃபோன்னு ஒரு ஆப் இருக்கு, அதுல ஃபைலை திறந்தா கோடெக் என்ன, பிட்ரேட் (ஒரு செகண்டுக்கு எவ்வளவு டேட்டா) எவ்வளவுன்னு எல்லாம் காட்டிடும்.

அதே காரணத்தாலதான் டபிள்யூஎம்ஏ (மைக்ரோசாஃப்டோட ஃபார்மேட்) ஃபைலை எம்பி3ன்னு பேர் மாத்தினா மட்டும் அது எம்பி3 ஆகிடாது. ஆனா ஒரு இடத்துல பேர் மாத்தறது நிஜமாவே வேலை செய்யும். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் ஓபஸ் எக்ஸ்டென்ஷன்ல வரும், சில பிளேயர் அந்த பேரை பார்த்தே ஒதுக்கிடும், ஆனா உள்ள இருக்கிறது ஆக் (Ogg)ங்கிற டப்பாதான், அதனால எக்ஸ்டென்ஷனை ஓஜிஜின்னு மாத்தினா பல பிளேயர் எடுத்துக்கும்.

ஆண்ட்ராய்டு தானாவே எம்பி3, ஏஏசி, ஃப்ளாக், வோர்பிஸ், வேவ் எல்லாம் பாடும், ஓபஸ் 5.0ல இருந்து பாடும். டபிள்யூஎம்ஏ, ஏபிஇ (மங்கீஸ் ஆடியோங்கிற ஃபார்மேட்), ஏஎல்ஏசி எல்லாம் கம்பெனிக்கு கம்பெனி மாறும், நம்ப முடியாது. அதுக்கு சொந்தமா டிகோடர் (கோடெக்கை விரிச்சு பாட்டாக்கற பகுதி) வச்சிருக்கிற பிளேயர் போட்டா முடிஞ்சது. விஎல்சி ஃப்ரீ, விளம்பரமும் இல்ல, என்னத்த கொடுத்தாலும் பாடும், என் சாய்ஸ் முதல்ல அதுதான். ஆல்பம் முழுக்க ஒரே ஃபைலா, கூட எந்த பாட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ற ஒரு க்யூ (.cue) ஃபைலோட வச்சிருக்கீங்கன்னா பவர்ஆம்ப் பாருங்க, காசு கட்டணும், ஆனா க்யூவை படிச்சு பாட்டு பாட்டா பிரிச்சுக் காட்டும். எந்த பிளேயர்னாலும் செட்டிங்ஸ்ல போய் மியூசிக் ஃபோல்டர் எதுன்னு நீங்களே காட்டிக் கொடுத்துடுங்க.

ஐபோன் கதை வேற. ஐஓஎஸ் 11ல (2017) இருந்து ஃபைல்ஸ் ஆப்ல ஃப்ளாக் பாடும், ஆனா மியூசிக் ஆப் லைப்ரரி அதை சேர்த்துக்காது. லைப்ரரியில வேணும்னா கம்ப்யூட்டர்ல ஏஎல்ஏசியா மாத்தி சிங்க் பண்ணுங்க, ரெண்டுமே லாஸ்லெஸ், சத்தத்துல ஒரு துளி குறையாது. இல்லேன்னா விஎல்சியோ ஃபூபார்2000ஓ போட்டு நேரா அதுக்குள்ள காப்பி பண்ணிடுங்க.

இதெல்லாம் பண்ணியும் முடியலைன்னா மட்டும் கன்வெர்ட் பண்ணுங்க. ஏபிஇ, ஏஎல்ஏசி, ஃப்ளாக், வேவ் இதுக்குள்ள எப்படி மாத்தினாலும் நஷ்டம் இல்ல. ஏபிஇ வச்சிருக்கிறவங்க ஃப்ளாக் ஆக்கிடறதே நல்லது, ஏபிஇயை விரிக்க போன் ப்ராசஸர் ரொம்ப உழைக்கணும், பேட்டரி இறங்கும், ஃப்ளாக் லேசு. எம்பி3, டபிள்யூஎம்ஏ மாதிரி ஏற்கனவே சுருக்கினதை ஃப்ளாக் ஆக்கினா சைஸ் மட்டும்தான் ஏறும், போன விவரம் வராது. டபிள்யூஎம்ஏவை எம்பி3 ஆக்கினா இன்னொரு தடவ அடிபடும், வேற வழியே இல்லேன்னா 256 கேபிபிஎஸ்க்கு கீழ போகாதீங்க. கம்ப்யூட்டர்ல எஃப்எஃப்எம்பெக், ஃபூபார்2000 ரெண்டுமே இதுக்கு போதும். முதல்ல நாலஞ்சு பாட்டை மட்டும் மாத்தி போன்ல போட்டு, பாட்டு பேர், ஆல்பம் படம் எல்லாம் சரியா வருதான்னு பார்த்துட்டு மீதியையும் மாத்துங்க.

ஸ்ட்ரீமிங் ஆப் உள்ள ஆஃப்லைனுக்கு டவுன்லோட் பண்ண பாட்டு, ஐட்யூன்ஸ்ல வாங்கின பழைய எம்4பி (M4P) ஃபைல் இதெல்லாம் பூட்டு போட்டது, எந்த பிளேயர் மாத்தினாலும் வெளிய பாடாது. அதுக்காக நேரத்தை வீணாக்காதீங்க, அந்தந்த ஆப்லயே கேட்டுக்கோங்க.