ரெண்டு குட்டிக் கேமரா, எதை வாங்குவது?

பாஸ்போர்ட் சைஸ் படமும் கல்யாண ஆல்பமும் போட்டுப் பிழைக்கிற ஸ்டுடியோக்காரன் நான். ஊர் மதுரை. படம் எடுக்க வருகிறவர்களில் யாராவது ஒருவர், சில்லறை வாங்கும் நேரத்தில் போனை நீட்டி, "அண்ணே, ரெண்டுல எதுண்ணே நல்லது?" என்று கேட்டுவிடுவார். போனில் இரண்டு கேமராவின் விவரமும் பக்கம் பக்கமாக இருக்கும். பச்சை டிக், சிவப்புப் பெருக்கல் குறி. எந்தப் பக்கம் டிக் அதிகமோ அதுவே ஜெயித்தது என்று முடிவுகட்டி வந்திருப்பார்கள். டிக் எண்ணி வாங்கிய கேமரா பலதும் பீரோவில்தான் தூங்குகிறது.

எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை ஒரு நிஜ ஜோடியை வைத்தே சொல்கிறேன். என் அக்கா மகள் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறாள். செகண்ட் ஹேண்டில் அவளுக்கு இரண்டு கேமரா கிட்டத்தட்ட ஒரே விலைக்கு அமைந்தது. ஒன்று சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3, 2014ல் வந்தது. இன்னொன்று கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 2, 2016ல் வந்தது. "மாமா, நீங்களே ஒண்ணச் சொல்லிடுங்க" என்றாள். சொல்லவில்லை. நிஜமாக எடுக்கப்போகிற படங்களை ஒரு தாளில் எழுதச் சொன்னேன்.

இந்தத் தாள்தான் முதல் வேலை. அவள் எழுதியது: சேலை கட்டி நிற்கும் முழு உருவம், முந்தானைப் புள்ளிகள் கிட்டத்தில், தானே கேமரா முன் நின்று பேசும் வீடியோ, கண்காட்சி ஸ்டாலில் லைட் வெளிச்சத்தில் சில படங்கள், எப்போதாவது குடும்பத்தோடு ஊர் சுற்றல். பறவையும் இல்லை, நிலாவும் இல்லை. அந்த நிமிடமே முப்பது மடங்கு ஜூம் கேமராக்கள் எல்லாம் ஆட்டத்திலிருந்து வெளியேறிவிட்டன. அவற்றின் சென்சார், அதாவது உள்ளே வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு, பெரும்பாலும் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர்தான். நம் ஜோடி இரண்டிலும் 13.2க்கு 8.8. பரப்பில் நான்கு மடங்கு. நீங்கள் ஒப்பிடும் இரண்டில் ஒன்று சின்ன சென்சார், மற்றது பெரியது என்றால், தூர ஜூம் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்றாலொழிய, பெரியதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இதற்குமேல் படிக்க வேண்டியதுகூட இல்லை.

விவரப் பட்டியலில் அடுத்து நான் பார்ப்பது லென்ஸ். சோனி 24-70, கேனன் 24-100 மில்லிமீட்டர், எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். இரண்டுக்கும் எஃப் 1.8-2.8, இந்த எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் அதிகம். கடையில் லென்ஸின் முகத்தைப் பார்த்தால் இந்த எண்கள் இருக்காது. சோனியில் 8.8-25.7 என்றும் கேனனில் 8.8-36.8 என்றும் அச்சிட்டிருக்கும். அதை 2.7ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான கணக்கு வந்துவிடும். எஃப் எண்ணில் இரண்டாவதைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும், முதலாவது விளம்பரத்துக்கு. 1.8லிருந்து 2.8க்கு வந்தாலே உள்ளே வரும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். கேனன் 2.8ஐ விடாமல் 100 வரை போகிறது, சோனி 70ல் நின்றுவிடுகிறது. இடையில் என்ன நடக்கிறது என்பதைக் கவுண்டரிலேயே பார்க்கலாம். ஜூமை மெதுவாகத் தள்ளிக்கொண்டே திரையில் எஃப் எண்ணைக் கவனியுங்கள். சோனி கொஞ்சம் நகர்ந்ததுமே 2.8க்கு இறங்கிவிடும். கேனன் இன்னும் சற்றுத் தூரம் தாக்குப்பிடிக்கும்.

மெகாபிக்சல்? இரண்டிலும் 20.1தான். மங்கலான இடத்தில் கூட்டிக்கொள்ளும் ஐஎஸ்ஓ 12,800 இரண்டிலும் உண்டு, அந்த உயரத்தில் இரண்டிலும் படம் மணல் கொட்டியதுதான். டிஜிட்டல் ஜூம் என்று தனியாக ஒரு வரி இருந்தால் அதைக் கண்ணாலும் பார்க்காதீர்கள்.

பட்டியல் வேலை இவ்வளவுதான். மிச்சமெல்லாம் கையில் வைத்துப் பார்க்க வேண்டியது. இரண்டு மெமரி கார்டு, ஒரு செய்தித்தாள், கொஞ்சம் டேப், போன் டார்ச், அவள் விற்கும் சேலையில் ஒன்று, இவற்றோடு கிளம்பினோம். சொந்தக் கார்டு போட்டுப் படம் எடுத்துப் பார்க்க விடமாட்டேன் என்கிற கடையில் செகண்ட் ஹேண்ட் வாங்கவே வேண்டாம். கேமராவின் முதுகுத் திரையில் ஒப்பிடுவதும் வேண்டாம். சோனி திரையில் பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள், கேனனில் பத்து லட்சத்துச் சொச்சம். நீங்கள் ஒப்பிடுவது திரைகளைத்தான், படங்களை அல்ல. கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரே மானிட்டரில் திறக்க வேண்டும். கோப்புப் பெயர் டிஎஸ்சி என்று தொடங்கினால் சோனி, ஐஎம்ஜி என்று தொடங்கினால் கேனன்.

எடுக்கும் முன் இரண்டையும் ரீசெட் செய்யுங்கள். முன்னால் வைத்திருந்தவர் ஏதாவது கலர் முறையில் விட்டுப்போயிருப்பார். அப்புறம் ரா (கேமரா திருத்தாத மூலக்கோப்பு), ஜேபெக் (கேமராவே திருத்தித் தரும் படம்) இரண்டும் பதிவாகும்படி வையுங்கள். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தை ஸ்டெப் ஜூமுக்கு ஒதுக்கினால் இரண்டிலும் 24, 28, 35, 50 என்று நிறுத்தி நிறுத்திப் போகலாம். ஒப்பீட்டுக்கு 50ல் நிறுத்துங்கள், எஃப் 4, ஐஎஸ்ஓ 400. ஒன்று ஆட்டோவில், மற்றது மேனுவலில் என்று எடுத்தால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

முதல் படம் செய்தித்தாள். முழுப் பக்கத்தையும் சுருக்கமில்லாமல் சுவரில் ஒட்டி, கேமராவை மேசையில் வைத்து, நேர் எதிரே நின்று சட்டகம் நிறைய எடுங்கள். கை நடுக்கம் கலக்காமல் இருக்க இரண்டு செகண்ட் டைமர். மானிட்டரில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, நடுவை விட்டுவிட்டு நான்கு மூலைக்கும் போங்கள். பொடி எழுத்தில் 'ன'வும் 'ண'வும் பிரிந்து தெரிகிறதா? சுழி இரண்டா மூன்றா என்று எண்ண முடிகிறதா? நான்கு மூலையும் ஒரே அளவுக்குச் சற்று மங்கினால் அது லென்ஸின் இயல்பு, பாதகமில்லை. ஒரு பக்கம் சுழி தெளிவாகவும் மறுபக்கம் எல்லாம் ஒரே கறுப்புத் திட்டாகவும் இருந்தால், கேமரா நேராக இருந்ததா என்று பார்த்து இன்னொரு முறை எடுங்கள். திரும்பவும் அதே பக்கம்தான் மங்குகிறது என்றால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கிறது. கீழே விழுந்த கேமராவாக இருக்கலாம். மாடல் எவ்வளவு நல்லதானாலும் அந்தக் குறிப்பிட்ட கேமரா வேண்டாம். விமர்சனம் படித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, விமர்சகர் கையில் இருந்தது வேறு கேமரா.

இரண்டாவது படம் சேலை. கடையின் ட்யூப்லைட்டுக்குக் கீழே அரக்குச் சுங்குடியைத் தொங்கவிட்டு, ஐஎஸ்ஓ 1600ல் எடுத்தோம். சுங்குடியில் முடிச்சுப் போட்ட இடத்துப் புள்ளி வட்டமாக இருக்காது, ஓரத்தில் சாயம் லேசாகக் கசிந்திருக்கும். அச்சுப் புள்ளியா கைமுடிச்சா என்று சேலை தெரிந்தவர்கள் அந்தக் கசிவைப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஐஎஸ்ஓ கூடினால் படத்தில் விழும் மணல் மாதிரிப் புள்ளிகளைக் கேமரா துடைக்கிற சாக்கில் அந்தக் கசிவையும் துடைத்துவிட்டால் அவள் பிழைப்பே போச்சு. ஜேபெக்கில் இரண்டுமே கொஞ்சம் துடைக்கத்தான் செய்தன. அந்தத் துடைப்பை, மெனுவில் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று இருப்பதை, குறைவாக வைத்ததும் இரண்டிலும் கசிவு திரும்பி வந்தது. சிவப்பு வேறு கதை. அரக்கும் குங்குமச் சிவப்பும் கேமராக்களுக்கு எமன். மடிப்பின் நிழல் தெரியாமல் முழுச் சேலையும் ஒரே சிவப்புத் தகடாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து இன்னொன்று எடுத்துப் பாருங்கள், மடிப்பு திரும்பினால் சரி.

தோல் நிறம் என் கண்ணுக்குக் கேனனில்தான் பிடித்தது. சோனியில் ட்யூப்லைட்டுக்குக் கீழே நம் மாநிற முகம் சற்றே மஞ்சள் பச்சை பூசியதுபோல் வந்தது. ரா கோப்பில் சரிசெய்யலாம்தான். ஆனால் தினமும் சேலைப் படத்தைக் கஸ்டமருக்கு அப்படியே அனுப்புகிறவள் ரா கோப்பைத் திறக்க மாட்டாள்.

மூன்றாவது, கடை வாசலில் வெயிலுக்கு முதுகு காட்டி ஒருவரை நிற்க வைத்து, ஃபிளாஷ் போட்டும் போடாமலும் எடுங்கள். போனோடு ஒப்பிட்டுச் சலித்தவர்களுக்கு இந்த இடம்தான் விருந்து. இந்த இரண்டு கேமராவிலும் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் உச்சி வெயிலிலும் வேகமான ஷட்டரோடு ஃபிளாஷ் சேர்ந்து வேலை செய்யும். பின்னால் வானம் வெளுக்காது, முன்னால் முகம் இருட்டாது. வெளிச்சத்தை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் என்டி ஃபில்டரும் இரண்டுக்குள்ளும் இருக்கிறது.

வீடியோவில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். இரண்டிலும் 4கே கிடையாது, மைக் செருகும் துளையும் கிடையாது. பேச்சுத்தான் முக்கியம் என்றால் 2019ல் வந்த ஜி7 எக்ஸ் மார்க் 3க்குப் போக வேண்டும், அதில் இரண்டும் உண்டு. நம் ஜோடி இரண்டின் திரையும் மேலே மடங்கி நம்மைப் பார்க்கும். கேனனில் திரையைத் தொட்டு ஃபோகஸ் வைக்கலாம், சோனியில் தொடுதிரை இல்லை. முகத்திலிருந்து சேலைக்கு ஃபோகஸ் மாறும்போது இரண்டுமே ஒரு நொடி தடுமாறும். நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை ஒரு நொடியில் 50ல் ஒன்று அல்லது 100ல் ஒன்று என்று வைத்து எடுத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் பழைய ட்யூப்லைட்டில் வரிவரியாக ஓடும். அதைக் கேமராவின் கோளாறு என்று நினைத்து நல்ல பொருளைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

அப்புறம் கை. சோனி 290 கிராம், கேனன் 319. பையில் போட்டால் வித்தியாசமே தெரியாது. ஆனால் சோனியின் முன்பக்கம் மொழுமொழுவென்று சோப்புக்கட்டி மாதிரி இருக்கும், வியர்த்த கைக்கு ஆகாது. தனியாகப் பிடி வாங்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். கேனனில் ரப்பர் பிடி இருக்கிறது. அதன் வளையம் 'டிக் டிக்' என்று தட்டித் தட்டிச் சுழலும், பக்கத்தில் உள்ள சின்ன நெம்பைத் தள்ளினால் சத்தமில்லாமல் சுழலும். எக்ஸ்போஷர் கூட்டிக் குறைக்கத் தனி டயலும் உண்டு. சிவப்புச் சேலை எடுக்கிறவளுக்கு அந்த டயல் ஒன்றே போதும்.

சோனியின் பெருமை அதன் வியூஃபைண்டர். பக்கவாட்டு விசையைத் தள்ளினால் மேலே எழும்பும், கேமராவும் தானே உயிர்பெறும். கண் வைக்கும் பகுதியை நாம் விரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். உள்ளே அமுக்கினால் கேமரா அணைந்துவிடும். சித்திரை வெயிலில் திரையில் எதுவும் தெரியாதபோது இதன் அருமை புரியும். கேனனில் இது இல்லவே இல்லை. வெளியில் சுற்றிப் படம் எடுக்கிறவர் என்னிடம் கேட்டால், யோசிக்காமல் சோனி என்பேன்.

பழைய கேமராவென்றால் இன்னும் சில வேலை இருக்கிறது. எஃப் 11 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பாருங்கள். எப்போதும் ஒரே இடத்தில் சாம்பல் பொட்டு விழுந்தால் சென்சாரில் தூசி. லென்ஸ் கழற்ற முடியாத கேமரா என்பதால் முழுதாகப் பிரித்துத்தான் துடைக்க வேண்டும். டார்ச்சைச் சாய்வாக அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரிக் கிளைவிட்டிருந்தால் அது ஃபங்கஸ், பேரமே வேண்டாம். திரையை மடக்கி விரிக்கும்போது படம் மினுக்குகிறதா, ஜூம் போய்வரும்போது அரைபடும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். சோனி என்றால் மெனுவையும் திறந்து பாருங்கள். ஜப்பானில் விற்ற சோனியில் ஜப்பானிய மொழி மட்டும்தான் இருக்கும், மாற்ற வழியில்லை.

பேட்டரி, முழு சார்ஜுக்குச் சோனியில் சுமார் 320 படம், கேனனில் 265 என்பது கம்பெனிக் கணக்கு. பழைய பேட்டரியில் அதை எதிர்பார்க்க முடியாது. எதை வாங்கினாலும் இன்னொரு பேட்டரியின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

அவள் எடுத்தது கேனன். முழு உருவத்தை 100ல் தள்ளி நின்று எடுக்கலாம், தன் நிழல் சேலையில் விழாது. தொடுதிரை, டயல், முக நிறம் எல்லாம் அவள் தாளோடு ஒத்துப்போயின. இதே ஜோடியை மலையேறுகிற என் நண்பர் பார்த்திருந்தால் சோனியைத்தான் தூக்கியிருப்பார்.

பணம் கொடுக்கும் முன் கேமராவில் உள்ள சீரியல் எண்ணைப் பெட்டியோடும் பழைய பில்லோடும் ஒத்துப் பாருங்கள். பெட்டி தொலைந்துவிட்டது என்றால், விற்கிறவர் பெயரும் அந்த எண்ணும் போட்டுக் கையெழுத்தோடு ஒரு ரசீது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் கேமராவைக் கவுண்டரில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.