உள்கட்டுப்பாடு அமைப்பது எப்படி? பணம் வெளியே போகும் வழியிலிருந்து தொடங்குவோம்

தவறும் மோசடியும் நடக்காமல் தடுக்கவும், நடந்தால் கண்டுபிடிக்கவும் நிறுவனத்துக்குள்ளேயே வைக்கும் ஏற்பாடுகள்தான் உள்கட்டுப்பாடுகள். புதிதாக நிர்வாகப் பொறுப்புக்கு வந்தவரிடம் "உள்கட்டுப்பாடுகளைச் சரிசெய்யுங்கள்" என்று சொன்னால், அவர் பெரும்பாலும் ஒரு தடிமனான கையேடு எழுத உட்கார்ந்துவிடுவார். கையேடு அலமாரிக்குப் போகும், வேலை பழையபடியே நடக்கும். அதனால் ஒரே ஒரு வேலையை எடுத்து, அதை முழுதாகச் சீர்செய்துவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்வேன். சப்ளையருக்குப் பணம் கொடுக்கும் வேலை இதற்கு மிகவும் ஏற்றது. எல்லா நிறுவனத்திலும் அது உண்டு, தவறினால் இழப்பும் உடனே தெரியும்.

படி 1: நடப்பதை நடக்கிறபடியே எழுதுங்கள்

ஏற்கெனவே பணம் கொடுத்து முடித்த ஒரு பில்லைக் கையில் எடுங்கள். பணம் போன நாளிலிருந்து பின்னோக்கி நடங்கள். வங்கியில் பரிமாற்றத்தை அனுப்பியது யார்? கணக்கில் பதிந்தது யார்? பில் யார் கைக்கு வந்தது? சரக்கு வந்ததை யார் எண்ணிப் பார்த்தார்? ஆர்டர் போட்டது யார்? ஒவ்வொருவர் மேசைக்கும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். விதி என்ன என்று கேட்டால் விதியைத்தான் சொல்வார்கள்.

எல்லோரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் லீவு போட்டால் இதை யார் செய்வார்?" இந்தப் பதிலில்தான் பகிர்ந்துகொண்ட பாஸ்வேர்டுகளும், முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்த காசோலைகளும் வெளியே வரும்.

படி 2: எங்கே தவறலாம் என்று முழு வாக்கியமாக எழுதுங்கள்

இடர்ப் பட்டியலில் "மோசடி" என்று ஒற்றைச் சொல் எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. "சப்ளையர் பெயரில் வந்த போலி மின்னஞ்சலை நம்பி வங்கிக் கணக்கு எண்ணை மாற்றினால், பணம் வேறு யாருக்கோ போய்விடும்" என்று எழுதுங்கள். எதைத் தடுக்க வேண்டும் என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கும்.

நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை, நடந்தால் வரும் பாதிப்புக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு இரண்டையும் பெருக்குவது வழக்கம். செய்யுங்கள், ஆனால் அந்த எண்ணையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் நடக்கும் சின்னத் தட்டச்சுப் பிழைக்கும் 5 வரும் (5 × 1), எப்போதோ ஒருமுறை நடந்து நிறுவனத்தையே மூடவைக்கும் இழப்புக்கும் 5 வரும் (1 × 5). பாதிப்பு 5 என்றால், பெருக்குத்தொகை எதுவாக இருந்தாலும் மேலே கொண்டுவந்து விடுங்கள்.

படி 3: கைகளைப் பிரித்துவையுங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஒப்புதல் தருவது, பணத்தைக் கையாள்வது, கணக்கில் பதிவது, பிறகு சரிபார்ப்பது ஆகிய நான்கும் ஒருவரிடமே சேரக் கூடாது.

சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு பேரிங்ஸ் வங்கியைப் பாருங்கள். 1762-இல் லண்டனில் தொடங்கிய வங்கி அது. அதன் சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் வர்த்தகத்தையும் செய்தார், அந்த வர்த்தகத்தைச் சரிபார்த்துக் கணக்குத் தீர்க்கும் பிரிவையும் கவனித்தார். நஷ்டங்களை 88888 என்ற கணக்கில் மறைத்துவந்தார். இரண்டு பொறுப்பும் ஒருவரிடம் இருப்பதை 1994-இலேயே உள்தணிக்கை சுட்டிக்காட்டியது, ஆனால் யாரும் பிரிக்கவில்லை. 1995 பிப்ரவரியில் சுமார் 82.7 கோடி பவுண்டு நஷ்டத்தோடு வங்கி விழுந்தது. குறையைக் கண்டுபிடித்த பிறகும் விழுந்தது என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

"எங்களிடம் மொத்தமே மூன்று பேர்" என்பவர்கள், சரிபார்ப்பதை மட்டுமாவது தனியே எடுத்துவிடுங்கள். வங்கி அறிக்கை கணக்காளர் வழியாக வராமல் நேரே உரிமையாளருக்கு வரட்டும். மாதம் ஒருமுறை அவரே வரிவரியாகப் பார்க்கட்டும். நல்ல கணக்காளர் இதற்கு வருத்தப்பட மாட்டார். ஏதாவது காணாமல் போனால் முதல் சந்தேகம் தன்மேல் விழாமல் இருக்க அவருக்கும் இது வேண்டும்.

படி 4: ஒவ்வோர் இடருக்கும் ஒரு பூட்டு

கொள்முதல் ஆணை, சரக்கு வந்ததற்கான சீட்டு, பில் மூன்றையும் ஒப்பிட்டு, அளவும் விலையும் பொருந்தினால் மட்டும் பணம் என்பது முதல் பூட்டு. கணக்கு எண்ணை மாற்றச் சொல்லி யார் கேட்டாலும், ஏற்கெனவே உங்கள் கோப்பில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டு உறுதிசெய்யுங்கள். அந்த மின்னஞ்சலிலேயே தந்திருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டால் மோசடிக்காரரே எடுத்துப் பேசுவார்.

தடுக்கும் பூட்டு மட்டும் போதாது, தாண்டிப் போனதைக் கண்டுபிடிக்கவும் வழி வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போனது. மின்னஞ்சலில் வந்த நகலை ஒருவர் 0417 என்று பதிந்திருந்தார், தபாலில் வந்த அசலை இன்னொருவர் 417 என்று பதிந்திருந்தார். மென்பொருள் இரண்டையும் வேறு வேறு பில் என்றே எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் ஒரே மேலாளர் கையெழுத்து! மூன்று மாதம் கழித்து, சப்ளையர் அனுப்பிய கணக்கு அறிக்கையை எங்கள் பேரேட்டோடு வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதன்பிறகு பில் எண்ணை எப்படிப் பதிவது என்று ஒரே முறை வகுத்தோம். அறிக்கையை ஒப்பிடுவதும் மாதாந்திர வேலையாகிவிட்டது.

கையெழுத்துப் போடுபவர் எதையெல்லாம் பார்த்துவிட்டுப் போட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். ஒப்புதல் வரம்பு (இந்தத் தொகைக்கு மேல் போனால் மேலதிகாரி ஒப்புதல் வேண்டும் என்ற விதி) வைத்திருந்தால், வரம்புக்குச் சற்றே கீழே வரும் பில்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். ஒரே கொள்முதலை இரண்டாக உடைத்திருந்தால் அங்கேதான் தெரியும்.

படி 5: மென்பொருளிலும் அதே பிரிவினை

காகிதத்தில் பிரித்த கைகள் கணினியில் ஒன்றாகவே இருக்கும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். புதிய சப்ளையரைச் சேர்க்கும் லாகினுக்குப் பணம் அனுப்பும் உரிமை இருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பயனர் பட்டியலை எடுத்து, சம்பளப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வேலையைவிட்டுப் போனவர்களின் லாகின் இன்னும் உயிரோடு இருந்தால் அன்றே மூடுங்கள்.

படி 6: உண்மையில் நடக்கிறதா என்று பாருங்கள்

உள்கட்டுப்பாட்டுக்கான கோசோ (COSO) என்ற கட்டமைப்பு 1992-இல் வந்து 2013-இல் திருத்தப்பட்டது. கட்டுப்பாட்டுச் சூழல், இடர் மதிப்பீடு, கட்டுப்பாட்டுச் செயல்கள், தகவல் தொடர்பு, கண்காணிப்பு என்று ஐந்து கூறுகள் அதில் உண்டு. ஐந்தில் அதிகம் கைவிடப்படுவது கடைசிக் கூறுதான் என்பது என் அனுபவம். காலாண்டுக்கு 10 பில்களை நீங்களே பொறுக்கி எடுங்கள், எடுத்துத் தரச் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆவணங்களும் இருக்கின்றனவா, ஒப்புதல் தேதி பணம் போன தேதிக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். தேதி பின்னால் இருந்தால், அந்த ஒப்புதல் பிறகு வாங்கி ஒட்டவைத்தது.

அவசரத்துக்கு விதியை மீறியதை ஒரு பதிவேட்டில் குறித்துவையுங்கள்: யார் கேட்டார், யார் அனுமதித்தார், ஏன். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். சில நேரம் ஆள் தவறு செய்திருக்க மாட்டார், விதியே நடைமுறைக்கு ஒத்துவராததாக இருக்கும். அப்படியானால் விதியை மாற்றுங்கள்.

இந்த வேலை இரண்டு காலாண்டு ஒழுங்காக ஓடியதும் சம்பளப் பட்டுவாடாவுக்குப் போகலாம். அங்கே முதலில் கேட்க வேண்டியது, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் உண்மையில் ஓர் ஆள் வேலைக்கு வருகிறாரா என்பதுதான்.