பெய்ட்காஸ்டர் ரீலில் பிரேக் வைக்கும்போது நடக்கும் தவறுகள்

சிங்கப்பூர், மலேசியாவில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு ஊர் வருகிறவர்களின் பெட்டியில் ஒரு பெய்ட்காஸ்டர் ரீல், அதாவது தூண்டில் தடியில் மாட்டி நரம்பைச் சுற்றி வைத்து எறியும் கருவி, இருப்பது செட்டிநாட்டுப் பக்கம் இப்போது அதிசயமில்லை. கார்த்திகை, மார்கழியில் கண்மாய் நிறைந்துவிட்டால் இரைக்குப் பதிலாக ரப்பர் தவளையை மாட்டிக்கொண்டு விரால் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். நாலு எறி எறிவதற்குள் ரீலின் சுழலும் உருளையான ஸ்பூலில் நரம்பு சிக்கிக்கொள்ளும். "பிரேக் சரியில்லை" என்று ரீல் பரணுக்குப் போகும். பெரும்பாலும் பிரேக்கில் குறை இருக்காது. திருகியவர் பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டார்.

முதல் குழப்பம் அதுதான். கைப்பிடிக்கு அடியில் நட்சத்திரம் போல இருப்பது டிராக். மாட்டிய மீன் இழுக்கும்போது நரம்பை எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். எறிவதற்காகப் பட்டனை அமுக்கி ஸ்பூலை விடுவித்தவுடன் டிராக்குக்கும் ஸ்பூலுக்கும் இருக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. நட்சத்திரத்தை எவ்வளவு இறுக்கினாலும் எறியில் ஒரு மாற்றமும் வராது.

சிக்கு ஏன் விழுகிறது என்று பார்த்துவிட்டால் மற்றது சுலபம். நரம்பு சுற்றிய ஸ்பூலின் விட்டம் 32 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 10 செ.மீ. நரம்பு வெளியே போகும். 30 மீட்டர் எறிய 300 சுற்று வேண்டும், அதுவும் இரண்டு மூன்று விநாடிக்குள். தவளை கையை விட்டுக் கிளம்பும்போதுதான் அதன் வேகம் அதிகம். அப்புறம் காற்று அதை மெல்ல மெல்லப் பிடித்து இழுக்கிறது. ஸ்பூலுக்கு அது தெரியாது, பழைய வேகத்திலேயே சுற்றும். தவளை கேட்பதைவிட அதிக நரம்பை ஸ்பூல் கக்கினால், அந்த உபரி உள்ளேயே சுருண்டு சிக்காகிறது. பிரேக்கின் வேலை, ஸ்பூலின் வேகம் தவளையின் வேகத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

இதற்காக ரீலில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. கைப்பிடிப் பக்கம் சின்ன மூடி போல இருக்கும் திருகு ஸ்பூல் டென்ஷன். எதிர்ப்பக்கத் தட்டில் இருப்பதுதான் உண்மையான பிரேக். நம்மவர்கள் முக்கால்வாசிப் பேர் முதலாவதை இறுக்கி, இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். காரணம் உண்டு. தடியை நீட்டிப் பிடித்து, பட்டனை அமுக்கினால் தவளை மெதுவாக இறங்க வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பழைய வழி அது, முதல் நாள் கை பழகுவதற்குச் சரி. ஆனால் அந்தத் திருகு ஸ்பூலின் அச்சை இரண்டு முனையிலும் நெருக்கிப் பிடிக்கிறது. எறியின் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அழுத்தம். தொடக்கத்தில் அது போதாது, கடைசியில் அதிகம். சிக்கும் விழும், தவளையும் பத்து மீட்டரில் தொப்பென்று விழும்.

நான் சொல்வது வேறு. திருகைத் தளர்த்துங்கள், ஸ்பூலைக் கட்டைவிரலால் இடமும் வலமும் அசைத்தால் கடகடவென்று ஆட வேண்டும். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, அந்த ஆட்டம் நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு அதைத் தொடாதீர்கள். தவளையை மாற்றினாலும், காற்று மாறினாலும் கை போக வேண்டியது எதிர்ப்பக்கத்துக்கு.

அந்தப் பக்கம் காந்தமாக இருக்கலாம், அல்லது சின்னச் சின்னக் கட்டைகளாக இருக்கலாம். காந்த வகையில் வெளியே எண் போட்ட ஒரு வட்டத் திருகு இருக்கும். அலுமினிய ஸ்பூல் காந்தத்தின் அருகே சுற்றும்போது அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதுவே ஸ்பூலைத் தடுக்கிறது. ஒன்றோடொன்று உரசாததால் தேய்மானம் இல்லை. கட்டை வகையில், ஸ்பூல் சுற்றும் வேகத்தில் கட்டைகள் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் எறிந்தவுடன் நன்றாகப் பிடித்து, வேகம் குறையும்போது தானாக விட்டுவிடும். இரண்டில் எது மேல் என்று கண்மாய்க் கரையில் நடக்கும் விவாதத்துக்கு முடிவே கிடையாது. புதிதாகப் பழகுகிறவருக்குக் காந்தம் வசதி, பக்கத்தட்டைக் கழற்றாமலே மாற்றலாம்.

கட்டை வகை வைத்திருப்பவர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள். ஒன்று, ஒரே பக்கத்துக் கட்டைகளை மட்டும் இயக்கிவிட்டு எதிரே இருப்பதை விட்டுவிடுவது. எதிரெதிர் ஜோடியாக வைத்தால்தான் ஸ்பூல் நடுக்கமில்லாமல் சுற்றும். இன்னொன்று எண்ணெய். பேரிங்குக்கு ஒரு சொட்டு போதும் என்றால் நாலு சொட்டு விடுவார்கள். அது வழிந்து கட்டை உரசும் வளையத்துக்குப் போனால் உரசல் குறைந்துவிடும். நேற்று வரை ஒழுங்காக இருந்த ரீல் இன்று காரணமில்லாமல் சிக்கு போடுகிறது என்றால் முதலில் அந்த வளையத்தைத் துடைத்துப் பாருங்கள்.

பிரேக்கை எந்த எண்ணில் வைப்பது? இதற்கு வீடியோவில் பதில் தேடுவது அடுத்த தவறு. வீடியோவில் வருபவர் எறிவது கனமான ஈயக் குண்டு, நீங்கள் எறிவது 10 கிராம் தவளை. ஒரே எடையாக இருந்தாலும் உள்ளே கூடாக, கால் விரித்த தவளையைக் காற்று அதிகம் பிடிக்கும், பிரேக் கூடுதலாக வேண்டும். உச்ச அளவில் தொடங்குங்கள். சிக்கு விழாமல் சில எறி போனபின் ஒவ்வொரு எண்ணாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஸ்பூலின் மேல் நரம்பு லேசாகப் பொங்கத் தொடங்கும் இடத்துக்கு ஒரு எண் மேலே நிறுத்தினால் அன்றைக்கு அதுதான் உங்கள் அளவு.

அன்றைக்கு என்று சொன்னதற்குக் காரணம் வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று. நம் பக்கம் நிலம் கடலைப் பார்த்துச் சரிவதால் கண்மாய்க் கரை பெரும்பாலும் கிழக்கிலும் தெற்கிலும்தான் இருக்கும். கீழ்க்கரையில் நின்று மேற்கே எறிந்தால் வாடை முதுகுப்பக்கம், தவளை பறக்கும். அப்படியே நடந்து தென்கரைக்கு வந்து வடக்கே எறிந்தால் அதே காற்று முகத்தில் அடிக்கும். பாதி வழியில் தவளை நின்றுபோகும், ஸ்பூல் நிற்காது. கரை திரும்பும்போதே இரண்டு எண் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதோடு மேலே தூக்கி எறியாமல் தடியைப் பக்கவாட்டில் வீசித் தாழ்வாக அனுப்புங்கள். கருவேல மரக் கிளைகளுக்கு அடியில் போடவும் அதுதான் தோது.

இத்தனையும் சரியாக வைத்த பிறகு சிலர் கட்டைவிரலை எடுத்துவிடுகிறார்கள். தவளை தண்ணீரையோ அல்லி இலையையோ தொட்ட நொடியில் ஸ்பூலை நிறுத்த எந்தப் பிரேக்காலும் முடியாது, அது விரலின் வேலை. இவ்வகை ரீலின் முன்னோடியை 1800-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் கடிகாரம் செய்பவர்கள் உருவாக்கியபோது இந்தக் காந்தமும் இல்லை, கட்டையும் இல்லை. விரலை வைத்தே எறிந்தார்கள். விரல் ஸ்பூலின் மேல் பட்டும் படாமல் இருக்கட்டும், விழுவதற்குச் சற்று முன்பே அமுக்குங்கள். கொக்கி இல்லாத எடையைக் கட்டி ஊருக்கு வெளியே செம்மண் பொட்டலில் பழகலாம். குடிதண்ணீர் ஊருணியில் வேண்டாம். கண்மாய் என்றால் மீன் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நரம்பை ஸ்பூலின் விளிம்பு வரை சுற்றுவதும் தவறுதான், இரண்டு மி.மீ. இடம் விடுங்கள்.

சிக்கு விழுந்தேவிட்டால் கிள்ளி இழுக்காதீர்கள், முடிச்சு இறுகிவிடும். டிராக்கை முழுக்க இறுக்கி, சிக்கின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். பிறகு ஸ்பூலை விடுவித்து நரம்பை நிதானமாக இழுத்தால் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும், இல்லாவிட்டால் திரும்பச் செய்யுங்கள். அவிழ்ந்த நைலான் நரம்பில் மடிப்பு விழுந்திருந்தால் அதுவரை வெட்டிவிடுங்கள். விரால் கருவேல வேருக்குள் பாய்ந்தால் அந்த இடத்தில்தான் அறும்.