கல்லூரி நூலக வகுப்பில் கணினித் திறனையும் தகவல் அறிதிறனையும் ஒன்றாகக் கற்பித்தல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கல்லூரி நூலகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு நான் எடுக்கும் வகுப்பில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி தன் ஆயாவின் (பாட்டியின்) தாத்தாவைத் தேடினாள். டர்பன் உள்ள நேட்டால் பகுதிக்கு இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல் விரிதாளாக (ஸ்ப்ரெட்ஷீட்) அவள் முன் திறந்திருந்தது. பெயர் நெடுவரிசையில் தன் குடும்பப் பெயரான கோவெண்டர் என்பதை, இன்று அடையாள அட்டையில் உள்ள அதே ஆங்கில எழுத்துகளில் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. "அவர் பெயர் இல்லை, மேடம். இந்தக் கப்பல்களில் வரவில்லை போலிருக்கிறது" என்றாள். விரிதாளில் வடிகட்டுவது அவளுக்கு நன்றாகத் தெரியும். முந்தைய வாரம் நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். ஆனால் அந்தப் பட்டியலை எழுதியது யார், எதற்காக எழுதினார், ஒரு மனிதரை எந்தப் பெயரால் பதிந்தார் என்பவற்றை அடுத்த மாதப் பாடத்திற்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். கருவியை ஒரு வாரத்திலும் அதைப் பற்றிய சிந்தனையை இன்னொரு வாரத்திலும் வைத்த என் பாடத்திட்டமே அவளைத் தவறான முடிவுக்குக் கொண்டுசென்றது.

அதன்பின் பாடத்திட்டத்தை மாற்றி அமைத்தேன். அப்படி அமைக்க விரும்பும் நூலகர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்கக் கல்லூரி நூலகர் சங்கம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட தகவல் அறிதிறன் (தகவலைத் தேடி, மதிப்பிட்டு, பயன்படுத்தும் திறன்) தரநிலைகளே, கணினித் திறனும் தகவல் அறிதிறனும் தொடர்புடையவை, எனினும் ஒன்றல்ல என்று கூறின. அவற்றுக்கு மாற்றாக 2016-இல் ஏற்கப்பட்ட சட்டகம், தகவல் எவ்வாறு உருவாகிறது என்பதை ஆறு அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றாக வைத்தது. இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பல கல்லூரிகள் தனித்தனியாகக் கற்பிக்க வேண்டும் என்று பொருள் கொண்டுவிட்டன. என் அனுபவத்தில், ஒரு கருவியைக் கற்பிக்கும் அதே மணி நேரத்தில், அக்கருவி எதை மறைக்கிறது என்பதையும் சேர்த்துக் கற்பித்தால்தான் இரண்டும் மாணவர் மனத்தில் நிற்கின்றன.

முதலில், பருவம் முழுவதற்கும் ஒரே பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு தலைப்பு என்று தாவினால் மாணவர் தேடும் முறையைக் கற்பார்களே தவிர, ஒரே செய்தி இரண்டு மூலங்களில் வேறுபட்டு நிற்பதைக் காணமாட்டார்கள். எங்கள் ஊரில் அப்பொருள் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை, ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தத்தின் பேரில் நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டனர். இன்று எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு வீட்டு மொழி ஆங்கிலம்தான். ஆயினும் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்னும் கேள்வி எல்லா வீட்டிலும் இருக்கிறது. சொந்தக் கேள்வி இருக்கும்போது மாணவர் கருவியோடு பொறுமையாக மல்லுக்கட்டுகிறார். தமிழரல்லாத மாணவர்களுக்கும் அவரவர் குடும்பத்தையோ ஊரையோ பொருளாகக் கொடுக்கலாம்.

தேடல் பாடத்தைக் கணினியில் தொடங்காதீர்கள். பட்டியலின் ஒரு பக்கத்தை அச்சிட்டு மேசைமீது வையுங்கள். எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், சிற்றூர், உடல் அடையாளம் என்று நெடுவரிசைகள் செல்லும். இதை எழுதியவருக்கு என்ன தேவைப்பட்டது என்று கேளுங்கள். தோட்ட முதலாளிக்கு அனுப்பும் ஆட்களைக் கணக்கிடவும், ஓடிப்போனால் அடையாளம் காணவும் எழுதப்பட்ட ஆவணம் இது என்பதை மாணவர்கள் பத்து நிமிடங்களில் தாமே கண்டுகொள்வார்கள். குடும்பப் பெயர் என்று ஒரு நெடுவரிசையே இல்லை என்பதும் அப்போது கண்ணில் படும். கவுண்டர், முதலி, படையாட்சி போன்ற சாதிப் பட்டங்கள் கோவெண்டர், மூட்லி, பாடயாச்சி என்று குடும்பப் பெயர்களாக நிலைத்தது பின்னால் நடந்தது. ஆகவே பெயர் நெடுவரிசையில் கோவெண்டரைத் தேடிக் கிடைக்காதது, அவர் வரவில்லை என்பதற்குச் சான்றாகாது. இந்தப் புரிதல் வந்த பிறகே கணினியைத் திறக்கச் சொல்லுங்கள்.

இப்போது குறியீடுகளைக் கற்பிக்கலாம். எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். முதலி என்பதற்கு யு வரலாம், ஒற்றை ஓ வரலாம், இரட்டை ஓ வரலாம். நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துக்கும், கேள்விக்குறி ஒரே ஓர் எழுத்துக்கும் பதிலாக நிற்கும் என்று சொல்லி, எம் (M), நட்சத்திரம், டி (D), நட்சத்திரம், எல் (L), நட்சத்திரம் என்று வடிகட்டியில் தட்டச் சொல்லுங்கள். வேண்டியவையும் வேண்டாதவையும் கலந்து வரும். அடுத்து, தமிழ்த் தகரத்தை எழுத்தர் டி (D) என்றே எழுதியிருப்பாரா என்று கேளுங்கள். D, T ஆகிய இரண்டு ஆங்கில எழுத்துகளில் எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம், அதனுடன் எச் சேர்த்தும் எழுதியிருக்கலாம் என்று தமிழ் பேசத் தெரிந்த ஒரு மாணவர் கட்டாயம் சொல்வார். வலையை அகலமாக விரித்தால் குப்பை சேரும், குறுக்கினால் ஆள் நழுவுவார் என்பதை எந்த விளக்கப்படமும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. பின்னர் நூலகத் தரவுத்தளங்களில் 'அல்லது', 'மற்றும்' இணைப்புகளைக் கற்பிக்கும்போது இந்த அனுபவத்தின் மீதே நின்று பேசலாம்.

விரிதாள் பாடத்தில் நான் தவறாமல் நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. எக்செல் மென்பொருளின் நாட்காட்டி 1900 ஜனவரி 1-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய நாளை அது நாளாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எங்கள் பட்டியலோ 1860-லிருந்து 1911 வரை நீள்கிறது. வந்த தேதியின்படி ஏறுவரிசையில் அடுக்கச் சொன்னால், எண்களாக மாறிய 1900-க்குப் பிந்தைய தேதிகள் மேலேயும் எழுத்தாகவே நின்ற 1860-கள் கீழேயும் போய்விடும். கணினி பிழைச்செய்தி எதுவும் காட்டாது. முதல் கப்பல் 1900-க்குப் பிறகு வந்ததாகத் திரை சொல்லும். சில மாணவர் அதை அப்படியே எழுதிக்கொள்வார்கள். முன்கூட்டி எச்சரிக்காமல், இத்தவறு நிகழ விடுங்கள். பிறகு ஆண்டு, மாதம், நாள் ஆகிய மூன்றையும் தனித்தனி நெடுவரிசைகளில் எண்களாகப் பிரித்து அடுக்கக் கற்றுக்கொடுங்கள். மூலக் கோப்பின் ஒரு படியை எவரும் தொடாமல் தனியே வைக்க வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். அன்று சொன்னால் மறக்கமாட்டார்கள்.

தமிழ் எழுத்து தொடர்பான பாடத்திற்குக் குறைந்தது இரண்டு வகுப்புகள் தேவை. 1903-இல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவந்தது. தமிழ், இந்திப் பகுதிகள் 1906-இல் நின்றன. அத்தகைய பழைய தமிழ்ப் பக்கம் ஒன்றின் படத்தை, படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் ஓசிஆர் மென்பொருளில் கொடுத்துப் பாருங்கள். 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய ணை, லை, னை, றா, னா வடிவங்களில் மென்பொருள் தடுமாறுவதை மாணவர் கண்ணாலேயே காண்பார்கள். படத்தையும் மென்பொருள் தந்த உரையையும் பக்கத்தில் வைத்து ஒரு பத்தியை மட்டும் கையால் திருத்தச் சொல்லுங்கள். அதன்பின், ஒரு மின்னூலகத்தில் ஒரு சொல்லைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் அந்தச் சொல் அங்கு இல்லையா, அல்லது கணினியால் படிக்க இயலவில்லையா என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். பட்டியலில் குடும்பப் பெயர் கிடைக்காத நாளில் எழ வேண்டியிருந்த அதே கேள்விதான் இது. ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் பொருளற்ற குறிகளாகத் தெரிவதற்கும், நூலகப் பட்டியல்கள் பலவற்றில் தமிழ் நூல்கள் ஆங்கில எழுத்துப்பெயர்ப்பில் பதியப்பட்டிருப்பதற்கும் இதே வகுப்பில் ஓர் எடுத்துக்காட்டு போதும்.

மூலங்களைச் சரிபார்க்கும் பாடத்திற்கு நான் தில்லையாடி வள்ளியம்மையை எடுத்துக்கொள்கிறேன். 1898-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, காந்தி தென்னாப்பிரிக்காவில் நடத்திய 1913-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22-இல் மறைந்த இந்தப் பெண்ணைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஏராளமான செய்திகள் உலவுகின்றன. அவர் தில்லையாடியில் பிறந்தார் என்பது ஒன்று. அது அவர் தாயின் ஊர். தம் சேலையைக் கிழித்து, இதுதான் எங்கள் கொடி என்று சிறை அதிகாரியிடம் நீட்டினார் என்பது இன்னொன்று. மாணவர்கள் முதலில் அந்தச் செய்தி வந்த பக்கத்தையே மேலும் கீழும் படித்து, அழகாக இருக்கிறது, படம் இருக்கிறது, ஆகவே உண்மை என்பார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரலாற்றாசிரியர்களையும் மாணவர்களையும் செய்திச் சரிபார்ப்பாளர்களையும் ஒப்பிட்டபோது, சரிபார்ப்பாளர்கள் புதிய பக்கத்தில் நீண்ட நேரம் நில்லாமல் உலாவியில் வேறு தாவல்களை (டேப்) திறந்து, மற்றவர் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தே விரைவாகத் தெளிந்தனர். ஒரே நேரத்தில் நான்கு தாவல்களைத் திறந்து வைப்பது, தேதி வரம்பிட்டுத் தேடுவது, படத்தைக் கொண்டு தேடுவது ஆகியவற்றை இங்கேதான் கற்பிக்க வேண்டும்.

இதில் இறுதிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். கொடிக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு பக்கமும் எதை ஆதாரமாகக் காட்டுகிறது என்று பின்னோக்கிச் செல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் மற்றொரு பக்கத்தைக் காட்டும், அது வேறொன்றைக் காட்டும், அல்லது எதையும் காட்டாது. நோய்ப்படுக்கையில் அவரைக் கண்ட காந்தி, சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று தாம் கேட்டதையும், இப்போது கைதுசெய்தாலும் மீண்டும் செல்வேன் என்று அவர் சொன்னதையும் தம் தென்னாப்பிரிக்கப் போராட்ட வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியில் கொடி பற்றிய பேச்சே இல்லை. இதைக் கண்ட மாணவர் சிலர் வருத்தப்படுவார்கள். அவர்களிடம் மென்மையாகப் பேசுங்கள். ஆதாரம் கிடைக்காத ஒரு கதையை விலக்கி வைப்பதால் பதினாறு வயதில் உயிர்விட்ட அந்தப் பெண்ணின் உறுதி சிறிதும் குறையாது.

சாட்ஜிபிடி போன்ற உரையாடிகளைத் தடைசெய்வதில் எனக்கு உடன்பாடில்லை. நேட்டால் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைக் கேட்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் நூலகத் தரவுத்தளத்திலும் அதன் நிலையான அடையாள எண்ணை (டிஓஐ) கொண்டும் தேடச் சொல்லுங்கள். உண்மையான ஆசிரியரின் பெயரில் அவர் எழுதாத கட்டுரை வருவதும், அடையாள எண் சம்பந்தமில்லாத கட்டுரைக்கு இட்டுச்செல்வதும் உண்டு. சோட்டெரோ போன்ற மேற்கோள் மேலாண்மைக் கருவியையும் அன்றே அறிமுகம் செய்யலாம். அது தானாக நிரப்பும் விவரங்களிலும் பிழை இருக்கும் என்பதால், அவற்றைத் திருத்தும் பயிற்சியே போதுமானது.

தனியுரிமையைத் தனிப் பாடமாக்க வேண்டாம். குடும்பத் தரவைப் பகிர்ந்த கோப்பில் ஏற்றும் நாளில், யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்னும் அமைப்புகளைக் காட்டுங்கள். தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உயிரோடிருப்பவர்களின் தகவலைக் காப்பது. ஆகவே கொள்ளுத்தாத்தாவின் பதிவை வகுப்பில் காட்டலாம், அத்தையின் அடையாள எண்ணைக் காட்டக் கூடாது. சாதி நெடுவரிசையை உரக்கப் படிக்குமாறு எந்த மாணவரையும் கட்டாயப்படுத்தாதீர்கள்.

மின்வெட்டையும் இணையக் கட்டணத்தையும் மனத்தில் கொண்டே வகுப்பைத் திட்டமிடுங்கள். 2023-இல் மின்வெட்டு உச்சத்திலிருந்தபோது, கோப்புகளை முன்கூட்டியே பென் டிரைவில் கொடுத்திருந்ததால்தான் என் வகுப்புகள் நடந்தன. வீட்டுப்பாடம் கைப்பேசியில், குறைந்த டேட்டாவில் முடியக்கூடியதாக இருக்கட்டும்.

மதிப்பெண்ணை முடிவுக்குக் கொடுக்காமல் தேடல் குறிப்பேட்டுக்குக் கொடுங்கள். எந்தச் சொல்லை எங்கே தட்டினேன், எத்தனை கிடைத்தன, எதை ஏன் விலக்கினேன், அடுத்து எதை மாற்றினேன் என்று நான்கு கட்டங்கள் போதும். இதைத் திருத்த நேரம் பிடிக்கும். ஆனால் மாணவர் எங்கே தடுக்கினார், அது விரல் தவறா, புரிதல் தவறா என்பது ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

முதலில் சொன்ன மாணவி அந்தப் பருவத்தின் இறுதியில், பெயரை விட்டுவிட்டுச் சாதி, சிற்றூர், தந்தை பெயர் ஆகிய மூன்று நெடுவரிசைகளில் தேடினாள். வீட்டில் சொல்லிவந்த ஊர்ப்பெயருக்கு ஏழு எழுத்துக்கூட்டல்களைக் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள். மூன்று பேர் தேறினர். இவர்களுள் யார் என்று என்னால் முடிவு செய்ய இயலவில்லை, இன்னின்ன காரணங்களால் மூவரும் பொருந்துகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தாள். முழு மதிப்பெண் போட்டேன். அந்த மூன்று வரிகளையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு வாங்கிக்கொண்டு, உடல் அடையாளம் பற்றி ஆயாவுக்கு ஏதேனும் நினைவிருக்கும், கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிச் சென்றாள்.